உளைவா, எரிவா, கூச்சமா? கணினி பார்க்கும் கண்ணுக்குக் காசை எதில் போடுவது

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு கண்ணாடிக் கடைக்குள் போய், "நாள் முழுக்கக் கொம்பியூட்டர் வேலை அண்ணை, பின்னேரமானாக் கண் ஏலாமக் கிடக்கு" என்று சொல்லிப் பாருங்கள். "அப்ப புளூ கட் போடுங்கோ தம்பி" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்; திரையின் நீல ஒளியை வடிக்கும் என்று சொல்லி விற்கும் லென்ஸ் அது. ஏலாமல் கிடக்கு என்றால் என்ன, கண் உளைகிறதா, எரிகிறதா, வெளிச்சம் கூசுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஒருவருக்குப் பவர் கண்ணாடி, இன்னொருவருக்கு மின்விசிறியைத் திருப்பி வைப்பது, மூன்றாமவருக்கு மேசையை இடம் மாற்றுவது என்று மூன்று வேறு விடைகள் வரும். அவற்றில் இரண்டுக்குக் காசே தேவையில்லை.

நம் பேச்சில் இந்த மூன்றுக்கும் தனித்தனிச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. உளைவு என்பது கண்ணுக்குப் பின்னாலும் புருவத்துக்கு மேலும் இழுக்கிற நோ. வேலை முடிந்து வீதிக்கு வந்தால் தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை சில விநாடி மங்கி, பிறகு தெளியும். கண்ணுக்குள் இருக்கும் குவியத் தசை மணிக்கணக்காக இறுகியே இருந்ததால் வருவது இது. எரிவு என்பது கண்ணின் மேற்பரப்பு காய்வது. மண் விழுந்த மாதிரி அரிக்கும், சிவக்கும், சிலருக்குத் தண்ணீராக ஓடும். காய்ந்த கண்ணில் ஏன் தண்ணீர் ஓடுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. உறுத்தல் தாங்காமல் திடீரெனச் சுரக்கும் அந்த நீர் கண்ணில் ஒட்டி நிற்காது. வழிந்து போய்விடும், கண் திரும்பவும் காயும். கூச்சம் வெளிச்சத்தால் வருவது: திரைக்குப் பின்னால் யன்னல், தலைக்கு முன்னால் ரியூப் லைற், பளபளக்கும் திரைக்கண்ணாடி.

நாலாவதாகக் கடி உண்டு. கண்ணைக் கசக்கு கசக்கு என்று சொல்கிறதென்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமை, கணினியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஹெல்மெற்றின் முன்கண்ணாடியை இறக்காமல் கிரவல் வீதிப் புழுதிக்குள்ளால் ஓடி வந்து நேரே திரைக்கு முன் குந்துபவர், முதலில் முகத்தையும் கண்ணிமைகளையும் சுத்தத் தண்ணீரில் கழுவட்டும்.

எது உங்களுடையது என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை. வேலை நடுவில், கண் ஏலாமல் வரும் நேரத்தில், 2 நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருங்கள். மூடியவுடனேயே சுகம் தெரிந்தால் எரிவு. மூடினாலும் நோ கொஞ்ச நேரம் போகாமல் இருந்தால் உளைவு. பிறகு கண்ணைத் திறந்து, உள்ளங்கையைத் தொப்பி விளிம்புபோல் நெற்றியில் வைத்துத் திரையைப் பாருங்கள். அந்தக் கணமே இலேசாக இருந்தால் மேலே எரியும் விளக்குத்தான் ஆள். இரண்டு மூன்று கலந்தும் இருக்கலாம். எது கூடுதல் என்று பார்த்து அதிலிருந்து தொடங்க வேண்டும்.

புளூ கட்: வாங்குவதற்கு முன்

கடையில் ஒரு விளையாட்டுக் காட்டுவார்கள். ஒரு சின்ன விளக்குப் பேனாவை அட்டையில் அடித்தால் அட்டை நீலமாக மின்னும். இடையில் புளூ கட் லென்ஸை வைத்தால் மின்னாது. பார்க்க அழகுதான். அந்தப் பேனா விடுவது பெரும்பாலும் 405 நானோமீற்றரை ஒட்டிய ஊதா ஒளி. கணினித் திரையின் எல்ஈடி நீலம் உச்சம் கொள்வது 450 ஐ ஒட்டி. அந்த இடத்தில் இவ்வகை லென்ஸ் மறிப்பது சிறு பங்குதான். பேனா ஒளியை முழுதாக மறிக்கும் லென்ஸ் திரை ஒளியின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். அப்படி விடாவிட்டால் கண்ணாடி செம்மஞ்சளாக இருக்கும், யாரும் போட மாட்டார்கள்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2023 இல் 17 ஒழுங்கான சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தது. சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டால், நீல ஒளி வடிக்கும் லென்ஸ் கணினிக் கண் உளைவைக் குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. அந்தச் சோதனைகளில் மிக நீண்டதே சில வாரங்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் திரையின் நீலம் கண்ணைக் கெடுக்கிறது என்ற பயத்தை விட்டுவிடலாம். வெளியில் வந்து நின்றால் வானத்திலிருந்து வருவது திரையிலிருந்து வருவதைவிட மிகப் பல மடங்கு.

"நான் போட்டேன், எனக்குச் சுகம்" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. புளூ கட்டோடு பெரும்பாலும் ஏஆர் பூச்சு, அதாவது ஒளித்தெறிப்பைக் குறைக்கும் பூச்சு, சேர்ந்தே வரும். பின்னால் உள்ள விளக்கின் பிம்பம் லென்ஸின் உட்பக்கத்தில் விழுவதை அது குறைக்கும். கடையில் கண்ணைச் சோதித்து 0.50 பவர் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். அது உளைவைக் குறைக்கும். எந்தக் கண்ணாடி போட்டாலும் மின்விசிறிக் காற்றுக்கு ஒரு மறைப்பு. அது எரிவைக் குறைக்கும். மூன்று நன்மையும் உண்மை. பெயரைத் தட்டிக்கொண்டு போவது நீலம்.

ஆகவே கண்ணாடி எப்படியும் தேவைப்படுகிறவர் ஏஆர் பூச்சுக்குக் காசு கொடுக்கலாம். பூச்சில்லாத பிளாஸ்ரிக் லென்ஸ் இரண்டு பக்கமும் சேர்த்து ஒளியில் சுமார் 8 வீதத்தைத் திருப்பி அடிக்கும். நல்ல பூச்சு அதை 1 வீதத்துக்குக் கீழே கொண்டுவரும். பூச்சுக்கு எதிரி நம் புழுதி. சட்டை நுனியால் உலரத் துடைத்தால் மண்துகள் அரத்தாள் போல வேலை செய்து சில மாதத்தில் கீறிவிடும். ஓடும் தண்ணீரில் கழுவி, ஒரு சொட்டு மென்மையான சவர்க்காரம் தடவி, திரும்பக் கழுவிப் பிறகு துடையுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் கண்ணாடியை விட்டுவிட்டுப் போனால் பூச்சு வெடித்துச் சிலந்தி வலை விழும்.

இரவு நித்திரை வரவில்லை என்பதற்காக நீல லென்ஸ் வாங்குபவர்களும் உண்டு, முக்கியமாக வெளிநாட்டு நேரத்துக்கு வேலை செய்பவர்கள். விண்டோஸிலும் அன்ரொயிட்டிலும் இருக்கும் இரவு ஒளி அமைப்பு திரையை மஞ்சளாக்கும். அதற்குக் காசில்லை, அளவையும் கூட்டிக் குறைக்கலாம். முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

பவர் கண்ணாடி: தூரத்தைச் சொல்லாவிட்டால் பாதிக் காசு வீண்

உளைவுக்காரர் காசு போட வேண்டிய இடம் இதுதான் என்பது எங்கள் கணிப்பு. கண்ணுக்கும் பொருளுக்கும் உள்ள தூரம் குறையக் குறையத் தசையின் வேலை கூடும். 65 செ.மீ. தூரத்துத் திரைக்குச் சுமார் 1.50 டயொப்டர் (லென்ஸ் பவரின் அலகு), 40 செ.மீ. தூரத்துப் புத்தகத்துக்கு 2.50, 25 செ.மீ. இல் பிடிக்கும் போனுக்கு 4. வயதோடு விழுந்துகொண்டே வரும் இந்த இழுப்புத் திறனின் குறை, நாற்பது வயதைத் தாண்டினால் தெரியத் தொடங்கும். அதற்கு முன்பே உளைகிறதென்றால் சின்னப் பிளஸ் பவரோ 0.75 அளவிலான சிலிண்டரோ (கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லாததற்கான பவர்) திருத்தப்படாமல் கிடக்கலாம். இளையவர்களிடம் இன்னொரு பிழை: சோதனையின்போது எழுத்து கறுப்பாக, கூராகத் தெரிகிறதே என்று மைனஸைத் தேவைக்கு மேல் 0.50 கூட்டி வாங்கிவிடுவது. தூரத்தில் அழகாக இருக்கும். திரைக்கு முன் அந்த 0.50 ஐயும் தசைதான் நாள் முழுக்கச் சுமக்கும்.

பொதுவாகக் கண்ணைத் தூரத்துக்கும் 40 செ.மீ. வாசிப்புக்கும் அளப்பார்கள். உங்கள் திரை இரண்டிலும் இல்லை, நடுவில் இருக்கிறது. அதனால் வீட்டிலோ அலுவலகத்திலோ வழக்கம்போல் இருந்து, மூக்குப் பாலத்திலிருந்து திரை வரை அளவு நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கணக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். 50 வயதை ஒட்டிய ஒருவருக்குத் தூரத்துக்கு +0.50, வாசிப்புக்கு மேலதிகம் +2.00 என்று சீட்டில் இருக்கிறது. வாசிப்புக் கண்ணாடி +2.50. அவருடைய திரை 65 செ.மீ. இல். 40 க்கும் 65 க்கும் இடையில் 1.00 டயொப்டர் வித்தியாசம். அப்படியென்றால் மேலதிகம் +1.00 போதும், திரைக்கண்ணாடி +1.50. இவர் +2.50 ஐப் போட்டுக்கொண்டு திரை பார்த்தால் எழுத்து மங்கும், எழுத்தைத் தேடி முன்னால் குனிவார், சாயங்காலம் கழுத்து நோ என்று வேறு வைத்தியம் தேடுவார். இறுதி இலக்கத்தைக் கண் பார்ப்பவரே சோதித்துத் தர வேண்டும். இந்தக் கணக்கு, அவரிடம் என்ன கேட்பது என்று உங்களுக்குத் தெரிவதற்கு.

நாற்பதைத் தாண்டியவருக்கு நாலு வழி. சந்தையில் தொங்கும் றெடிமேட் கண்ணாடி மலிவு. இரு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் இல்லாதவருக்கு அரை மணி நேரக் கடிதம் வாசிக்கப் போதும். அதன் லென்ஸ் மையங்கள் சராசரி முகத்துக்கு வைத்தவை. உங்கள் கண்மணிகளின் இடைவெளி அதோடு ஒத்துவராவிட்டால் லென்ஸ் ஓரத்தால் பார்ப்பீர்கள். அது கண்ணை உள்ளேயோ வெளியேயோ இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு வேண்டாம். தூரத்துக்கும் வாசிப்புக்கும் இரண்டு பவர் வைத்த பைஃபோகலில் வாசிப்புத் துண்டு கீழே இருக்கிறது, 40 செ.மீ. க்கு அளந்தது, திரை பார்க்க நாடியைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கணினிக்காரருக்கு மிக மோசமான தெரிவு அதுதான். மேலிருந்து கீழாகப் பவர் கோடில்லாமல் மாறும் புரோகிரசிவ், எழும்பி நடந்து ஆட்களோடு பேசி இடையில் திரை பார்ப்பவருக்கு நல்லது. ஆனால் திரைக்குரிய நடுப்பகுதி ஒடுக்கம், பெரிய மொனிற்றரில் தலையை இடம் வலம் ஆட்ட வேண்டி வரும், விலையும் பல மடங்கு. ஒரே இடத்தில் இருந்து நாள் முழுக்கத் தட்டச்சோ கணக்கோ செய்பவருக்குத் திரைத் தூரத்துக்கு அளந்த ஒற்றைப் பவர் கண்ணாடி மலிவும் சிறப்பும். எழும்பும்போது கழற்ற மறக்காதீர்கள்; தூரம் மங்கும், படியில் தடுக்கும்.

எங்கே சோதிப்பது? கடையில் 15 நிமிடத்தில் முடியும், ஆனால் அங்கே பார்ப்பது பவரை மட்டும்தான். நாற்பது தாண்டியவர், சீனி வருத்தம் உள்ளவர், குடும்பத்தில் கண் அழுத்த நோய் உள்ளவர் ஒருமுறையாவது கண் கிளினிக்குக்குப் போய் அழுத்தமும் விழித்திரையும் பார்த்துக்கொள்வதே சரி. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் நாலிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு; அரச வைத்தியசாலையில் காசு இல்லை, ஒரு நாள் போகும். கிளினிக் நாளை முதலே விசாரித்துக்கொள்ளுங்கள். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கி வெயில் கூசும். ஒட்டுசுட்டானிலிருந்தோ முழங்காவிலிலிருந்தோ மோட்டார் சைக்கிளில் வருபவர் ஓட்ட இன்னொருவரைக் கூட்டி வரவேண்டும். சீனி ஏறி இறங்கும் காலத்தில் கண்ணாடி செய்யாதீர்கள். பவரும் கூடவே ஏறி இறங்கும். சீனி சில வாரம் ஒரு நிலையில் நின்ற பிறகு அளப்பதுதான் நிலைக்கும்.

காற்று: காசில்லாத வைத்தியம்

எரிவுக்காரர் கண்ணாடிக் கடைக்குப் போவதற்கு முன் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்க்கட்டும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 15 முதல் 20 தடவை இமைப்போம். திரையைப் பார்க்கும்போது அது பாதியாகவோ அதற்கும் கீழோ விழும். இமைப்பதும் அரைகுறையாகவே இருக்கும், மேல் இமை கீழ் இமையைத் தொடாமல் திரும்பிவிடும். கண்ணின் கீழ்ப்பகுதி நாள் முழுக்கத் திறந்தபடி காயும். இதற்கு மேல் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் சோளகக் காற்று, அதன் புழுதி, முப்பத்தைந்து பாகை வெக்கையில் நிறுத்த முடியாத மின்விசிறி. வன்னியில் எரிவு கூடுதலாக இருப்பதில் அதிசயம் இல்லை.

ரிஷ்யூ பேப்பரில் விரல் அகலத்துக்கு ஒரு கீற்றுக் கிழித்து, வழக்கமான இருக்கையில் இருந்து, கண்ணுக்கு அருகே நுனியால் பிடியுங்கள். கீற்று ஆடினால் அந்தக் காற்று உங்கள் கண்ணைத்தான் காயவைக்கிறது. மேசை மின்விசிறியைத் தரையில் வைத்து முழங்காலுக்கும் வயிற்றுக்கும் காற்று வருமாறு திருப்புங்கள், அல்லது பின்பக்கத்திலிருந்து முதுகுக்கு விடுங்கள். உடம்பு குளிரும், கண்ணுக்குப் படாது. கூரை மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிறவர் மேசையை ஐந்தாறு அடி தள்ளி வைத்தால் கீற்று அடங்கும். திரும்பத் திரும்ப வீசும் சுழல் நிலை வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை முகத்தில் அறையும்.

ஏசியா மின்விசிறியா என்று கேட்டால் கண்ணுக்கு இரண்டுமே சோதனைதான். ஏசி அறையின் ஈரத்தை இழுத்துவிடும், ஆனால் காற்று முகத்தில் படாவிட்டால் பலர் தாங்குவார்கள். மின்விசிறி ஈரத்தை இழுக்காது, காற்று நேரே படும். ஏசியின் தகட்டை மேல்நோக்கித் திருப்பி, 26 பாகையில் வைத்து, அதன் வாய்க்கு நேரே உள்ள இருக்கையை மாற்றுவது போதும். அலுவலகத்தில் அந்த இருக்கை எப்போதும் புதிதாக வந்தவருக்குத்தான் கிடைக்கும் என்பது வேறு கதை.

இமைப் பயிற்சி சிரிப்பாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும். மெதுவாக மூடி, 2 விநாடி பொறுத்து, இலேசாக அழுத்தித் திறக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, மணிக்கு ஒருமுறை. இமை ஓரத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. முழு இமைப்பு அவற்றைப் பிழிந்து கண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் விரிக்கும், அது இல்லாவிட்டால் நீர் ஆவியாகிப் போகும். காலையில் இமை ஒட்டிக்கொள்கிறவர், இமை ஓரம் தடித்தவர் சூட்டு ஒத்தடமும் கொடுக்கலாம்: கை தாங்கும் வெந்நீரில் நனைத்த சுத்தத் துணி, மூடிய இமையில் 5 முதல் 10 நிமிடம், ஆற ஆற மாற்றி.

சொட்டு மருந்து: எது செயற்கைக் கண்ணீர், எது ஆபத்து

காற்றைத் திருப்பியும் எரிவு மாறாவிட்டால் செயற்கைக் கண்ணீர். பாமசியில் கார்பொக்சிமெதில் செலுலோஸ் 0.5 வீதம் அல்லது ஹைப்புரோமெலோஸ் 0.3 வீதம் என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு நாலு தடவைக்குள் என்றால் சாதாரணப் போத்தல் போதும். அதற்கு மேல் தேவைப்பட்டால் பாதுகாப்புப் பதார்த்தம் இல்லாதது வேண்டும். சாதாரணப் போத்தல்கள் பலவற்றில் இருக்கும் பென்சல்கோனியம் குளோரைட்டு அடிக்கடி பட்டால் அதுவே கண்ணைக் காயவைக்கும். திறந்த நாளைப் போத்தலில் எழுதுங்கள். பெரும்பாலானவை 28 நாளில் குப்பைக்கு. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு திரியாதீர்கள், அந்தச் சூட்டில் மருந்து நிற்காது.

விடும் முறையிலும் பாதி வீணாகிறது. கீழ் இமையை இழுத்துப் பை போலாக்கி ஒரே ஒரு சொட்டு. போத்தல் நுனி இமையிலோ மயிரிலோ படக்கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்து உள்மூலையை ஒரு நிமிடம் இலேசாக அழுத்துங்கள். இரண்டு மூன்று சொட்டு விட்டாலும் கண் வைத்திருப்பது ஒன்றைத்தான், மிச்சம் கன்னத்தில்.

சிவப்பை உடனே எடுக்கும் சொட்டு மருந்து வேறு இனம். நபசோலின் போன்றவை இரத்த நாளத்தைச் சுருக்கும், கண் வெள்ளையாகும், மருந்தின் வேகம் இறங்கியதும் முன்னையிலும் கூடச் சிவக்கும். பிறகு அதை நிறுத்தவே முடியாது. இன்னும் மோசம், யாரோ முன்பு பாவித்து மிஞ்சிய டெக்சாமெதசோன், பெற்றாமெதசோன் கலந்த சொட்டை "எனக்கு நல்லாக் கேட்டது தங்கச்சி" என்று கை மாற்றுவது. ஸ்ரெரொயிட் சொட்டு எரிவை ஒரே நாளில் அடக்கும்; தொடர்ந்து விட்டால் கண் அழுத்தத்தை ஏற்றும், வெண்புரையைக் கொண்டுவரும், அழுத்தம் ஏறுவது கடைசிவரை தெரியாது. தாய்ப்பாலும் நந்தியாவட்டைப் பூச்சாறும் பன்னீரும் கிருமி நீக்கியவை இல்லை. வயல் வேலையும் புழுதியும் உள்ள ஊரில் கருவிழியில் சிறு கீறல் சாதாரணம். அதன்மேல் இவற்றை விடுவது புண்ணுக்கு வழி.

திரை: லப்டொப்பை உயர்த்துவதா, மொனிற்றர் வாங்குவதா

கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளின் மேசையில் இருப்பது பெரும்பாலும் லப்டொப் ஒன்றுதான். விசைப்பலகைக்குக் கை எட்ட வேண்டும் என்பதால் திரையும் 40, 45 செ.மீ. க்குள் வந்துவிடும், குனிந்த கழுத்து, இழுபடும் தசை. மலிவான மாற்று: தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கி, லப்டொப்பைத் தடித்த புத்தகங்கள் மேல் 12, 15 செ.மீ. உயர்த்தி 60 செ.மீ. க்குத் தள்ளி வைப்பது. மொனிற்றர் விலையில் சிறு பங்கோடு தூரம் கிடைத்துவிடும். தூரம் கூடினால் எழுத்துச் சிறுக்கும், ஆகவே பெருப்பிக்க வேண்டும்.

எவ்வளவு பெருப்பிப்பது? இருந்து பார்க்கும் தூரத்தின் மூன்று மடங்குக்குப் பின்னால் போய் நில்லுங்கள், 60 செ.மீ. என்றால் 180. அங்கிருந்தும் எழுத்தைத் தட்டுத்தடுமாறியாவது வாசிக்க முடிந்தால் அளவு சரி, முடியாவிட்டால் 125 அல்லது 150 வீதத்துக்கு ஏற்றுங்கள். தமிழுக்கு இது இன்னும் முக்கியம். ஆங்கிலத்தில் 11 புள்ளியில் தெளிவாக இருக்கும் கோப்பில் தமிழ் 13, 14 இல்லாமல் ஓடாது. 1366×768 பிக்சல் திரையில் 'க' வுக்கு மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா, அது ண வா ன வா என்று தேடுவதிலேயே கண் களைக்கும். பிரதேச செயலகக் கடிதங்களையெல்லாம் இன்னும் மெல்லிய பாமினி எழுத்தில் தட்டுபவர்கள், அச்சு அளவை மாற்றாமல் திரையில் மட்டும் 140 வீதம் வைத்துத் தட்டலாம். அச்சில் ஒன்றும் மாறாது.

மொனிற்றர்தான் என்றால் 22 முதல் 24 அங்குலம், 1920×1080. அதே எண்ணிக்கையில் 27 அங்குலம் வாங்கினால் புள்ளிகள் பிரிந்து தெரியும், தமிழ் எழுத்தின் சுழிகள் பல்லுப் பல்லாக இருக்கும். வீட்டில் கிடக்கும் 32 அங்குல ரீவியை மேசையில் வைப்பதும் இதே பிழையின் பெரிய வடிவம். ரீவி எட்டடிக்குச் செய்தது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே நிற்கட்டும். கழுத்துக்காரர் உயர்த்தச் சொல்வார், ஆனால் உயர உயரக் கண் அகலத் திறக்கும், கூடக் காயும். எரிவு உள்ளவரும் புரோகிரசிவ் போடுபவரும் இன்னும் தாழ்த்தலாம்.

லப்டொப்பின் பக்கம் ஒரு நியாயம் உண்டு: கரண்ட் போனால் அது நிற்காது. மொனிற்றர் நின்றுவிடும். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் மொனிற்றர் விலையோடு யூபிஎஸ் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். 24 அங்குல எல்ஈடி மொனிற்றர் 20, 25 வாட்தான் குடிக்கும். அதையும் ரூட்டரையும் மட்டும் மாட்டினால் 650 விஏ யூபிஎஸ் புதிய பற்றரியோடு ஒரு மணித்தியாலத்தை ஒட்டித் தாங்கும். பிரின்ரரை மாட்டாதீர்கள்.

பழைய லப்டொப் வாங்குபவர் கடையிலேயே ஒன்று பார்க்கலாம். திரை ஒளியை நாலில் ஒரு பங்குக்குக் குறைத்து, போன் கமராவை மெதுவோட்டப் படத்தில் வைத்துத் திரையை எடுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்தத் திரை ஒளியை அணைத்து அணைத்துக் குறைக்கும் வகை. சிலருக்கு அதில் தலையிடி வரும்.

வெளிச்சம்

கூச்சக்காரர் திரையை அணைத்துவிட்டு, கறுத்த கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று பார்த்தால் போதும். யன்னல் தெரிந்தால் யன்னல், விளக்குத் தெரிந்தால் விளக்கு. யன்னல் முன்னாலும் வேண்டாம் பின்னாலும் வேண்டாம், பக்கத்தில் இருக்கட்டும். பளபளத் தகட்டுக் கூரையோ வெள்ளை மதிலோ வெளியே வெயிலில் மின்னினால் ஒரு துணித் திரைச்சீலை எந்த லென்ஸையும் வெல்லும். ஒளி அளவுக்கு, திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள்: திரை விளக்குப்போல் எரிந்தால் குறையுங்கள், சாம்பலாகத் தெரிந்தால் கூட்டுங்கள்.

ஒரு வீட்டுப் பிழை அதிகம் கவனிக்கப்படுவதில்லை. ரியூப் லைற் சுவரில் உயரத்தில், கூரை மின்விசிறி அதற்குச் சற்றுக் கீழே. இறக்கைகள் வெளிச்சத்தை வெட்டி வெட்டி மேசையில் நிழல் துடிக்கும். திரையைப் பார்க்கும்போது தெரியாது, பக்கத்தில் உள்ள தாளைப் பார்த்தால் தெரியும். விளக்கை இறக்கைக்குக் கீழே கொண்டுவருவது ஒரு மணி நேர வேலை. பழைய சோக் வைத்த ரியூப் லைற்றுகள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 தடவை துடிக்கும்; நல்ல எல்ஈடிக்கு மாற்றலாம், மலிவான எல்ஈடியும் துடிக்கும், அதே மெதுவோட்டச் சோதனையில் பிடிபடும்.

கறுப்புப் பின்னணியா வெள்ளைப் பின்னணியா? பகலில் வெள்ளை. கண்மணி சுருங்கும், சுருங்கினால் எழுத்துக் கூராகும். சிலிண்டர் பவர் உள்ளவருக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்துக்கள் பஞ்சுபோல் விரியும். இரவு மங்கல் அறையில் கறுப்புச் சுகம்.

ஓய்வுக்கு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார் என்பது நினைவில் நிற்பதற்காகச் செய்த கணக்கு. இலக்கத்தில் மந்திரம் இல்லை. வன்னியில் 20 அடியைத் தேடவும் தேவையில்லை, கதவைத் திறந்தால் வயலுக்கு அந்தப் பக்கத்துப் பனை நிற்கிறது. அந்த 20 விநாடியில் போனை எடுத்தால் தசைக்கு வேலை கூடுகிறது, அது ஓய்வில் சேராது.

யார் எதை முதலில்

இருபது வயது மாணவர், லப்டொப், கையில் கொஞ்சக் காசு: கண் சோதனை, பிறகு தனி விசைப்பலகையும் மவுஸும். நீல லென்ஸ் வேண்டாம். நாற்பத்தைந்து தாண்டிய அலுவலகக்காரர், உளைவு: திரைத் தூரத்து ஒற்றைப் பவர் கண்ணாடி, ஏஆர் பூச்சோடு, பைஃபோகல் இருந்தால் அதை வீதிக்கு வைத்துக்கொள்ளலாம். ஏசி அறையில் தரவு உள்ளிடும் வேலை, எரிவு: முதல் வாரம் காற்றைத் திருப்புங்கள், இரண்டாம் வாரம் செயற்கைக் கண்ணீர், அப்போதும் மாறாவிட்டால் கிளினிக். வீட்டிலிருந்து எட்டு மணி நேரம் வேலை செய்பவர், கண்ணில் பவர் குறை இல்லை: காசு மொனிற்றருக்கும் யூபிஎஸ்ஸுக்கும்.

இந்த ஒப்பீட்டுக்குள் அடங்காதவை உண்டு. திடீரெனப் பார்வை மறைவது, கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் ஒரேயடியாகக் கூடுவது, சிவந்த கண்ணோடு கடும் நோவும் சத்தியும், புதிதாக ஒன்று இரண்டாகத் தெரிவது. இவற்றுக்கு கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

புதுக் கண்ணாடி போட்டு இரண்டு வாரமாகியும் உளைவு மாறவில்லையென்றால் கடைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள். லென்ஸின் பவர் சீட்டோடு ஒத்திருக்கிறதா என்று லென்ஸோமீற்றரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கண்ணாடியைப் போட்டபடி திரைத் தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்க, கண்மணிக்கு நேரே லென்ஸில் பேனையால் குறிக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிக்கும் லென்ஸின் மையத்துக்கும் இடையில் 3, 4 மில்லிமீற்றர் விலகல் இருந்தால் பிழை உங்கள் கண்ணில் இல்லை. லென்ஸைப் புதிதாக வெட்டித் தரக் கேட்கலாம்.